நீண்டகால நோயோடு வாழ்பவர்கள் தனியாகச் சீட்டாட ஒரு முழு வழிகாட்டி

நாலு பேர் சேர்ந்து ரம்மி போடும்போது நடுவில் விரல் வலித்தால் எழுந்திருக்க மனம் வராது. மற்றவர்கள் காத்திருக்கிறார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆடி முடிப்போம். மறுநாள் முழுக்கப் படுத்துக் கிடப்போம். தனியாக ஆடும் சீட்டில் இந்த நெருக்கடி இல்லை. பாதியில் விட்டால் கேட்க ஆளில்லை. சாயங்காலம் வந்து தொடரலாம், தொடராமல் அப்படியே கலைத்தும் விடலாம். யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நோய் வந்தபின் நாம் எடுக்கும் முடிவுகள் குறைந்துகொண்டே போகின்றன. எப்போது எழுவது, என்ன சாப்பிடுவது, வெளியே போகலாமா கூடாதா என்பதையெல்லாம் உடம்பும் மருந்தும் சேர்ந்து தீர்மானித்துவிடுகின்றன. இந்தச் சீட்டை இங்கே வைக்கலாமா, அங்கே வைக்கலாமா என்று யோசிக்கிற பத்து நிமிடமாவது முழுக்க நம்முடையது. அதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எனக்கு இருப்பது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்கிற முடக்குவாதம். அதனால் இந்த வழிகாட்டியில் கை விரல்களைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். ஆனால் சிறுநீரக நோய், லூபஸ், தீராத அசதி நோய் என்று வேறு எதோடு வாழ்கிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் உடம்பைக் கேளுங்கள்

எந்த ஆட்டம் நல்ல ஆட்டம் என்று ஆரம்பிக்காதீர்கள். இன்றைக்குக் கை எப்படி, தலை எப்படி என்ற இரண்டு கேள்விகளில் ஆரம்பியுங்கள். கை என்றால் சீட்டைப் பிடிக்க, எடுக்க, கலைக்க முடியுமா என்பது. தலை என்றால் நாலு விஷயத்தை ஒரே நேரத்தில் நினைவில் வைத்து யோசிக்க முடியுமா, அல்லது எல்லாம் மந்தமாக, மூடுபனிக்குள் இருப்பதுபோல் இருக்கிறதா என்பது.

இந்த இரண்டும் ஒரே நாளில் ஒரே மாதிரி இருக்காது. முடக்குவாதக்காரர்களுக்குக் காலையில் விரல்கள் விறைத்திருக்கும். நோய் மும்முரமாக இருக்கும்போது இந்த விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். அப்போது தலை தெளிவாக இருந்தாலும் கை ஒத்துழைக்காது. மெத்தோட்ரெக்ஸேட் முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை எடுக்கும் மருந்து. அதை எடுத்த மறுநாள் பலருக்கு அசதியும் குமட்டலும் இருக்கும். அன்று கை பரவாயில்லாமல் இருந்தாலும் தலை ஓடாது. ப்ரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு ராத்திரித் தூக்கம் கெடும். நள்ளிரவில் விழித்துக்கொண்டு போனைத் தடவுவதற்குப் பதில் மெல்லிய விளக்கில் சீட்டு ஆடுவது எவ்வளவோ மேல்.

ஆக, கையும் தலையும் சரியாக இருந்தால் ஸ்கவுண்ட்ரல், ரெஜிசைட், ஃப்ரைடே மாதிரி யோசித்து ஆடும் ஆட்டங்கள். கை சரி, தலை மந்தம் என்றால் கோல்ஃப் அல்லது கடிகார ஆட்டம். தலை சரி, கை வலி என்றால் போனில் ஃப்ரீசெல். இவை ஒவ்வொன்றையும் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இரண்டுமே சரியில்லை என்றால் அன்றைக்கு ஆட்டமே வேண்டாம். அந்த நாளைப் பற்றிக் குற்றவுணர்வும் வேண்டாம்.

அசதி நோய் உள்ளவர்களுக்கு, குறிப்பாக எம்இ அல்லது சிஎஃப்எஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் நோய் உள்ளவர்களுக்கு, ஒரு எச்சரிக்கை. மூளை உழைப்பும் உழைப்புதான். உட்கார்ந்த இடத்தில் சீட்டுதானே ஆடினோம் என்று தோன்றும். ஆனால் அதன் பாதிப்பு அன்றே தெரியாமல் மறுநாளோ அதற்கடுத்த நாளோ வந்து படுக்கையில் தள்ளலாம். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் உடல் உழைப்போடு மன உழைப்பையும் சேர்த்தே கணக்கிடச் சொல்கிறது. இப்படிப்பட்டவர்கள் ஆட்டம் முடியும்வரை என்று வைத்துக்கொள்ளாமல், கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துவது நல்லது. களைப்பு தெரியும் முன்பே நிறுத்த வேண்டும். தெரிந்தபின் நிறுத்தினால் ஏற்கெனவே தாமதம்.

என்னென்ன வேண்டும்

ஒரு சீட்டுக்கட்டு போதும். ஆனால் அது எப்படிப்பட்ட கட்டு என்பது முக்கியம்.

காகிதச் சீட்டு நம் ஊர் ஈரக்காற்றில், அதுவும் சென்னை மாதிரி கடற்கரை ஊர்களில், சீக்கிரமே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய சீட்டைப் பிரிக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அழுந்த வேலை செய்ய வேண்டும். முடக்குவாதம் முதலில் குடியேறும் இடங்களில் விரல் மூட்டுகளும் உண்டு என்பதால் இந்தச் சின்ன வேலையே பெரிய வேலையாகிவிடும். பிளாஸ்டிக் சீட்டு ஒட்டாது, மடங்காது, ஃபேன் காற்றுக்கும் அவ்வளவு சுலபமாகப் பறக்காது. ஈரத்துணியில் சோப்பு தொட்டுத் துடைக்கலாம். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள் எடுப்பவர்களுக்கு இது சும்மா ஒரு வசதி மட்டுமல்ல, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் வரும் சீட்டைத் துடைத்துவிட்டுத்தான் வீட்டில் தொட வேண்டும்.

அளவில் இரண்டு வகை உண்டு. போக்கர் அளவு ஏறக்குறைய 63 மில்லிமீட்டர் அகலம். பிரிட்ஜ் அளவு 57 மில்லிமீட்டர். உயரம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கையில் விரித்துப் பிடிக்க பிரிட்ஜ் அளவு சுலபம், மேசையில் அடுக்கும்போதும் இடம் குறைவாக எடுக்கும். கண் உலர்ச்சி, மங்கல் உள்ளவர்கள் எண்கள் பெரிதாக அச்சிட்ட ஜம்போ கட்டைக் கேட்டு வாங்குங்கள். விசிறிபோல் விரிக்கும் குட்டிச் சீட்டுகள் பார்க்க அழகு. விறைத்த விரலுக்கு அவை ஆகாது.

அடுத்தது விரிப்பு. இதைப் பலர் யோசிப்பதில்லை. வெறும் மேசையிலோ கண்ணாடியிலோ கிடக்கும் சீட்டை எடுக்க நகத்தால் கிள்ளித் தூக்க வேண்டும். தடித்த டர்க்கி டவலோ ஜமுக்காளமோ விரித்துவிட்டால் சீட்டின் ஒரு ஓரத்தை அழுத்தினாலே மறு ஓரம் தானாக எழும்பும். கிள்ளல் தேவையில்லை. அதற்கென்றே விற்கும் ரப்பர் விரிப்புகளும் உண்டு, ஆனால் வீட்டில் இருக்கும் டவலே இந்த வேலையைச் செய்யும்.

படுக்கையில் ஆடுபவர்கள் அகலமான தாம்பாளம் ஒன்றை எடுத்து அதில் துணி விரித்துக்கொள்ளுங்கள். விளிம்பு இருப்பதால் சீட்டு சரியாது, அப்படியே தூக்கி நகர்த்தி வைக்கவும் முடியும். எவர்சில்வரைவிட அலுமினியமோ பிளாஸ்டிக்கோ இலேசு. மடியில் பாரம் ஏற்றாதீர்கள்.

கையில் சீட்டு வைத்து ஆட வேண்டிய ஆட்டங்களுக்கு ஒரு தாங்கி வேண்டும். தச்சரிடம் ஒரு அடி நீளக் கட்டையில் சாய்வாக ஒரு காடி வெட்டித் தரச் சொன்னால் ஆயுசுக்கும் போதும். சீட்டை நிறுத்தி வைத்து, பார்த்து, எடுக்கலாம். விரலை மடக்கி இறுக்கிப் பிடித்தபடி பத்து நிமிடம் இருப்பதுதான் மூட்டுக்கு ஆகாத காரியம், சீட்டின் எடை அல்ல. இதைப் பற்றி நன்றாகச் சொல்லித் தருபவர்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள். வேலூர் சிஎம்சி போன்ற பெரிய மருத்துவமனைகளில் இதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஒரு முறை அவர்களையும் பாருங்கள், சீட்டாடுவேன் என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

கலைப்பதுதான் கடினமான வேலை

ஆடுவதைவிடச் சீட்டைக் கலைப்பதில்தான் விரல்கள் அதிகம் நோகும். இரண்டு பாதியாகப் பிரித்து, வளைத்து, படபடவென்று விடும் கலைப்பு அழகுதான். டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரு கணித அறிஞர்கள் 1992-இல் காட்டியபடி, அந்த முறையில் 52 சீட்டும் நன்றாகக் கலைய ஏழு முறை செய்ய வேண்டும். கட்டைவிரல் மூட்டு வீங்கியவருக்கு ஒரு முறையே அதிகம்.

பதிலுக்கு இப்படிச் செய்யுங்கள். எல்லாச் சீட்டையும் விரிப்பின்மேல் கவிழ்த்துப் பரப்புங்கள். இரண்டு உள்ளங்கையையும் தட்டையாக வைத்து, மாவு தேய்ப்பதுபோல் வட்டமாகச் சுற்றிச் சுற்றித் தேயுங்கள். ஒரு நிமிடம் போதும். விரல் மடங்கவே வேண்டாம், தோளும் முழங்கையும்தான் வேலை செய்யும். அப்புறம் இரண்டு கைகளின் ஓரத்தாலும் கூட்டி ஒன்றாக்குங்கள். சூதாட்ட விடுதிகளில்கூடப் புதுக் கட்டை முதலில் இப்படித்தான் கலைப்பார்கள், ஆகவே இது ஏதோ அரைகுறைக் கலைப்பு என்று நினைக்க வேண்டாம். பேட்டரியில் ஓடும் கலைக்கும் கருவியும் கிடைக்கிறது. சத்தம் போடும், ஆனால் வேலையைச் செய்யும்.

இதைவிட நல்ல வழி, இரண்டு கட்டு வைத்துக்கொள்வது. மத்தியானம் கை நன்றாக இருக்கும் நேரத்தில் இரண்டையும் கலைத்து டப்பாவில் போட்டுவிடுங்கள். மறுநாள் காலை விரல் விறைத்திருந்தாலும் கலைக்கும் வேலை இல்லாமல் நேரே ஆட்டத்தில் உட்காரலாம். நல்ல நேரத்தின் பலத்தைக் கெட்ட நேரத்துக்குச் சேமித்து வைக்கும் இந்தப் பழக்கம்தான் இந்த வழிகாட்டியில் நான் மிகவும் நம்புவது.

முதல் ஆட்டம்: கோல்ஃப்

தனியாக ஆடும் சீட்டு என்றாலே எல்லோருக்கும் க்ளோண்டைக்தான் நினைவுக்கு வரும். 1990-இல் விண்டோஸ் 3.0-உடன் கம்ப்யூட்டரில் வந்து, அலுவலகம் அலுவலகமாகப் பரவிய ஆட்டம் அது. அதில் ஆரம்பிக்க வேண்டாம் என்பேன். வரிசையாகச் சேர்ந்த சீட்டுகளைக் கொத்தாகத் தூக்கி மாற்ற வேண்டியிருக்கும், கையை எட்டி எட்டி நீட்ட வேண்டியிருக்கும். பல ஆட்டங்கள் வெல்லவே முடியாத முட்டுச்சந்தில் போய் நிற்கும். கோல்ஃப் அப்படியில்லை. ஐந்து பத்து நிமிடத்தில் முடியும், சீட்டைத் தூக்காமல் இழுத்தே ஆடலாம்.

கலைத்த கட்டிலிருந்து, வரிசைக்கு ஐந்து சீட்டாக ஏழு நெடுவரிசைகளை முகம் தெரிய அடுக்குங்கள். ஒன்று மற்றொன்றைப் பாதி மறைத்தபடி உங்களை நோக்கி இறங்கி வரட்டும். 35 சீட்டு இதற்குப் போய்விடும். மீதி 17-ஐக் கவிழ்த்து, எந்தக் கை நன்றாக இருக்கிறதோ அந்தப் பக்கம் வையுங்கள். அதில் மேலிருப்பதைத் திருப்பி உங்களுக்கு நேர் முன்னால், மடியருகில் வையுங்கள். அதுதான் குவியல்.

ஒவ்வொரு வரிசையிலும் உங்களுக்கு மிக அருகில், முழுதாகத் தெரிகிற சீட்டை மட்டும்தான் எடுக்கலாம். குவியலின் மேலுள்ள சீட்டைவிட ஒன்று கூடவோ ஒன்று குறைவாகவோ இருந்தால் அதைக் குவியல்மேல் இழுத்து விடலாம். இஸ்பேட், ஆட்டின் என்ற ஜாதியோ நிறமோ எதுவும் பார்க்க வேண்டாம். குவியலில் 7 இருக்கிறது என்றால் எந்த 6-உம் எந்த 8-உம் ஆகும். 8 போட்டால் அடுத்து 9 அல்லது 7. இப்படிப் போய்க்கொண்டே இருக்கலாம். போக வழியில்லை என்றால் கவிழ்த்த கட்டிலிருந்து ஒரு சீட்டைத் திருப்பிக் குவியலில் போடுங்கள். கட்டு தீர்ந்து, போட ஒன்றும் இல்லை என்றால் ஆட்டம் முடிந்தது. வரிசைகளில் மிஞ்சிய சீட்டுகளின் எண்ணிக்கைதான் மதிப்பெண். குறைய குறைய நல்லது.

ராஜாவின் மேல் எதுவும் போட முடியாது, ஏஸின் மேல் 2 மட்டும்தான் என்பது கடுமையான விதி. மந்தமான நாளில் இதைத் தளர்த்தி, ராஜாவின் மேல் ஏஸ், ஏஸின் மேல் ராஜா என்று வட்டமாகப் போகவிடுங்கள். ஆட்டம் உடனே இளகிவிடும். தெளிவான நாளில் கடுமையான விதிக்கே திரும்புங்கள். அப்போது ராஜாதான் உங்கள் தலைவலி. அது ராணியின் மேல் மட்டும்தான் ஏறும், ஏறினால் ஓட்டம் அதோடு நின்றுவிடும். ஆகவே ராணி கிடைத்தவுடன் ராஜாவைத் தூக்கிப் போடாமல், ஜாக்கிப் பக்கம் இறங்கி வேறு எங்கெல்லாம் போக முடியும் என்று ஒரு முறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கட்டைத் திருப்பும் முன் ஏழு வரிசைகளின் நுனியையும் ஒரு தடவை கண்ணால் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் மிஞ்சும் சீட்டு சட்டென்று குறையும்.

இதைவிடவும் சும்மா இருக்க வேண்டும் என்றால் கடிகார ஆட்டம். நாலு நாலாக 12 குவியல்களைக் கடிகார எண்கள்போல் வட்டமாகவும், 13-ஆவது குவியலை நடுவிலும் கவிழ்த்து வையுங்கள். நடுவிலிருந்து ஒன்றைத் திருப்புங்கள். 5 என்றால் ஐந்து மணி இடத்தின் அடியில் செருகி, அந்த இடத்தின் மேல்சீட்டைத் திருப்புங்கள். ஏஸ் ஒரு மணி, ஜாக்கி 11, ராணி 12, ராஜா நடு. நாலாவது ராஜா வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. அதற்குள் எல்லாம் திரும்பியிருந்தால் வெற்றி. யோசிக்க எதுவுமே இல்லை, வெல்லும் வாய்ப்பு பதின்மூன்றில் ஒன்று. மருந்து எடுத்த மறுநாளுக்கு ஏற்ற ஆட்டம்.

கொஞ்சம் பழகியபின்: ஸ்கவுண்ட்ரல்

ஸாக் கேஜ், கர்ட் பீக் இருவரும் 2011-இல் உருவாக்கிய ஆட்டம் இது. சாதாரணக் கட்டே போதும். ஒரே வரிசையில் நாலு சீட்டு மட்டுமே விரிப்பதால் தாம்பாளத்திலேயே அடங்கிவிடும். கையில் எதையும் பிடிக்க வேண்டாம். நோயாளிகளுக்கென்றே யோசித்துச் செய்தார்களோ என்று தோன்றும் அளவுக்கு நமக்குப் பொருந்துகிறது.

ஜோக்கர்களையும், ஆட்டின், டைமண்ட் ஆகிய சிவப்பு ஜாதிகளின் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கியையும் எடுத்துவிடுங்கள். 44 சீட்டு மிஞ்சும். கிளாவரும் இஸ்பேடும் சேர்ந்து 26 அரக்கர்கள். டைமண்ட் 9 ஆயுதங்கள். ஆட்டின் 9 மருந்துகள். அரக்கனின் பலம் சீட்டின் எண். ஜாக்கி 11, ராணி 12, ராஜா 13, ஏஸ் 14. உங்கள் உயிர் 20-இல் தொடங்கும், 20-ஐத் தாண்டாது. உயிரைக் கணக்கு வைக்கப் புளியங்கொட்டை, சோழி என்று சிறிய பொருள் வேண்டாம், பொறுக்கி எடுக்க விரல் நோகும். ஒரு அட்டையில் 20 வரை எழுதி, பத்து ரூபாய் நாணயத்தை அதன்மேல் நகர்த்துங்கள்.

கட்டிலிருந்து நாலு சீட்டைத் திருப்பி வரிசையாக வையுங்கள். அது ஒரு அறை. அதில் மூன்றை ஒவ்வொன்றாக எதிர்கொள்ள வேண்டும், நாலாவது அடுத்த அறைக்கு மிஞ்சும். அதோடு மூன்று புதுச் சீட்டு சேர்ந்து அடுத்த அறை. அறையே பிடிக்கவில்லை என்றால் நாலையும் கட்டின் அடியில் தள்ளிவிட்டுப் புது அறை திறக்கலாம். ஆனால் அடுத்தடுத்து இரண்டு அறைகளை இப்படித் தவிர்க்க முடியாது.

ஆயுதத்தை எடுத்தால் பழையது போய்விடும். மருந்தை எடுத்தால் அந்த எண் அளவுக்கு உயிர் கூடும், ஆனால் ஒரு அறையில் ஒரு மருந்துதான் வேலை செய்யும். அரக்கனோடு வெறுங்கையாக மோதினால் அவன் பலம் முழுவதும் உயிரிலிருந்து குறையும். ஆயுதத்தால் மோதினால் அரக்கனின் பலத்தில் ஆயுதத்தின் எண்ணைக் கழித்தது மட்டும் குறையும். ஆட்டத்தின் சூட்சுமம் அடுத்த விதியில் இருக்கிறது. ஒரு ஆயுதத்தால் ஒரு அரக்கனைக் கொன்றுவிட்டால், அதற்குப் பிறகு அந்த ஆயுதம் அவனைவிடச் சிறிய அரக்கன்மேல்தான் செல்லும். கட்டு தீரும்வரை உயிர் இருந்தால் வெற்றி.

ஒரு உதாரணம் பார்ப்போம். முதல் அறையில் இஸ்பேட் 9, டைமண்ட் 6, ஆட்டின் 4, கிளாவர் ராணி. 6-ஐ ஆயுதமாக எடுத்து 9-ஐ அடித்தால் உயிர் 3 குறைந்து 17. மருந்து குடித்தால் மறுபடி 20, ஒன்று வீண். ராணி மட்டும் அடுத்த அறைக்கு வருகிறாள். உயிர் முழுதாக இருக்கிறது, ஆனால் ஆயுதம் 9-க்குக் கீழே சுருங்கிவிட்டதால் ராணியை வெறுங்கையோடு சந்தித்தால் 12 போய்விடும். இன்னொரு வழி, 6-ஆல் முதலில் ராணியை அடிப்பது. 6 குறையும். அப்புறம் அதே ஆயுதத்தால் 9-ஐ அடித்தால் 3 குறையும். உயிர் 11, இரண்டு பெரிய அரக்கர்களும் முடிந்தார்கள், மருந்து அடுத்த அறையில் உங்களுக்காக இருக்கிறது, குடித்தால் 15. பார்வைக்கு முதல் வழி பாதுகாப்பாகத் தோன்றினாலும் எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. பெரியவர்களை முதலில், சிறியவர்களை அப்புறம் என்று இறங்குவரிசையில் ஆயுதத்தைச் செலவழிப்பதுதான் இந்த ஆட்டத்தின் அடிப்படை.

இது கைவந்துவிட்டால் 2020-இல் நியூசிலாந்திலிருந்து வந்த ரெஜிசைட். இதுவும் சாதாரணக் கட்டில், ஜோக்கர் இரண்டும் சேர்த்து, ஆடக்கூடியது. ஜாக்கி, ராணி, ராஜா என்று 12 பேரை வரிசையாக வீழ்த்த வேண்டும். தனியாக ஆடும்போது கையில் எட்டு சீட்டு வைத்திருக்க வேண்டியிருப்பதால் தாங்கி இல்லாமல் உட்காராதீர்கள். கூட்டலும் நினைவாற்றலும் நிறைய வேண்டும், நல்ல நாளில் மட்டும்.

கை முடியாத நாளில்

தலை தெளிவாக இருந்து விரல் மட்டும் ஒத்துழைக்காதபோது ஃப்ரீசெல்லைப் போனிலோ கம்ப்யூட்டரிலோ ஆடுங்கள். 52 சீட்டும் முகம் தெரிய இருக்கும், மறைவாக எதுவும் இல்லை, எல்லாம் உங்கள் யோசனையைப் பொறுத்தது. விண்டோஸில் வந்த பழைய ஃப்ரீசெல்லில் 32,000 ஆட்டங்கள் எண் போட்டு வைத்திருந்தார்கள். அதில் 11982-ஆம் எண் ஒன்றுதான் தீர்க்க முடியாதது. ஆக, தோற்றால் வேறு வழி இருக்கிறது என்று நம்பி மறுபடி பார்க்கலாம். அவசரமே இல்லாத ஆட்டம், எங்கே நிறுத்தினாலும் அங்கேயே காத்திருக்கும்.

போனைக் கையில் தூக்கிப் பிடித்து ஆடாதீர்கள், தலையணையில் சாய்த்து வையுங்கள். கட்டைவிரலால் அல்லாமல் வேறு விரலால் தொடுங்கள். பணம் கட்டி ஆடும் ரம்மி விளம்பரம் எது வந்தாலும் தள்ளிவிடுங்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியிருக்கிறது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தூக்கம் இல்லாமல் வலியோடு படுத்திருக்கும் ராத்திரியில் பணம் வைத்து ஆடுவது நம்மைப் போன்றவர்களுக்கு மிகவும் ஆபத்தானது.

டயாலிசிஸில் இருப்பவர்களுக்குப் பிரச்சினை வேறு. ஏறக்குறைய நாலு மணி நேரம், ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. கோல்ஃபும் ஸ்கவுண்ட்ரலும் ஒரு கையாலேயே ஆடக்கூடியவை. கலைத்த கட்டை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றினால் சீட்டை விட்டுவிட்டு உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

விலை கொடுத்து வாங்கும் ஆட்டங்கள்

இவை வெளிநாட்டுத் தயாரிப்புகள், நம் ஊரில் விலை கூடுதல்தான். சாதாரணக் கட்டில் மனம் நிறைந்தபின் வாங்கினால் போதும்.

ஃப்ரீடெமன் ஃப்ரீசே 2011-இல் உருவாக்கிய ஃப்ரைடே ஒருவருக்கென்றே செய்த ஆட்டம். தீவில் ஒதுங்கிய ராபின்சனுக்கு நீங்கள் துணை. தொடக்கத்தில் அவனிடம் இருக்கும் சீட்டுகள் பெரும்பாலும் உதவாதவை. ஒரு சண்டையில் தோற்றால் உயிர்ப்புள்ளிகள் போகும், ஆனால் அந்தப் புள்ளிகளைக் கொண்டே மோசமான சீட்டுகளைக் கட்டிலிருந்து ஒழித்துக்கட்டலாம். எங்கே வேண்டுமென்றே தோற்பது என்று யோசிப்பதுதான் இதன் ருசி. சிறிய கட்டு, அடிக்கடி கலைக்க வேண்டும், ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சீட்டுதான்.

ஷாதி டோர்பேயின் ஓனிரிம் 2010-இல் வந்தது. கதவுகள், கெட்ட கனவுகள், சூரியன், சந்திரன், சாவி என்று படங்கள் அவ்வளவு அழகு. ஆனால் ஒவ்வொரு கதவு கிடைக்கும்போதும் கட்டு முழுவதையும் கலைக்க வைக்கும். முடக்குவாதக்காரர்கள் இதன் செயலி கிடைத்தால் அதில் ஆடுங்கள், கலைக்கும் வேலை அதனுடையது.

பாம் ஐலண்ட் 17 சீட்டுதான், மேசையே வேண்டாம், கையிலேயே ஆடலாம் என்று பலரும் பரிந்துரைப்பார்கள். ஆஸ்பத்திரி வரிசையில் காத்திருக்கும்போது ஆட ஏற்றதுதான், விரல் நன்றாக இருப்பவர்களுக்கு. நமக்கு அது முழு நேரமும் சீட்டைக் கிள்ளிப் பிடித்திருக்க வைக்கும் ஆட்டம். வேண்டாம். அந்த இடத்துக்கு ஸ்ப்ரால்போலிஸ் வாங்கலாம். 18 சீட்டு, ஒரு பர்ஸில் அடங்கும், சீட்டுகளை மேசையில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு ஊரைக் கட்டுவதுதான் ஆட்டம். ஒவ்வொரு முறையும் மதிப்பெண் விதிகள் மாறும் என்பதால் சலிக்காது. ஃபுட் செயின் ஐலண்ட் அதே நிறுவனத்தின் இன்னொரு குட்டி ஆட்டம், நாலுக்கு நாலு கட்டமாக விரித்த பிராணிகள் தம்மைவிடச் சற்றுச் சிறியதைத் தின்றுகொண்டே போகும். அசதி நாளிலும் ஆடலாம்.

நடுவில் நிறுத்துவது

ஆரம்பிக்கும் முன்பே நிறுத்தும் வழியை வைத்துக்கொள்ளுங்கள். தாம்பாளத்தில் ஆடினால் மேலே இன்னொரு துணி போட்டு அலமாரியில் ஏற்றிவிடலாம். குழந்தைகளோ பூனையோ உள்ள வீடென்றால் போனில் ஒரு படம் எடுத்து வைத்துவிட்டுக் கலைத்துவிடுங்கள். ஸ்கவுண்ட்ரலில் பாதியில் எடுத்து வைப்பது சுலபம். மிஞ்சிய கட்டை ஒரு ரப்பர் பேண்டில் போட்டு, ஆயுதத்தையும் அதன்கீழ் கடைசியாகக் கொன்ற அரக்கனையும் மேலே வைத்து, உயிர் எவ்வளவு என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்தால் போதும்.

வலி ஆட்டத்தின் நடுவில் கூடினால் இந்த ஆட்டம் முடியட்டும் என்று இழுக்காதீர்கள். ஆட்டம் நின்று ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் மூட்டு வலி முன்பிருந்ததைவிடக் கூடுதலாக இருந்தால் அன்று செய்தது அதிகம் என்று பொருள், அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். மூட்டு சூடாகி வீங்கியிருக்கும் நாட்களில் சீட்டைத் தொடவே வேண்டாம்.

வீட்டில் என்ன சொல்வார்கள்

சீட்டுக்கட்டு என்றால் சூது, வீட்டுக்கு ஆகாது என்று நினைக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் உண்டு. வாதாடுவதைவிட ஒரு முறை பக்கத்தில் உட்காரவைத்து கோல்ஃப் ஆடிக் காட்டுங்கள். காசு இல்லை, எதிராளி இல்லை என்று கண்ணால் பார்த்தால் போதும். அந்த 8-ஐ எடு, அந்த 9-ஐ எடு என்று அவர்களே சொல்ல ஆரம்பிப்பார்கள். இவ்வளவு நேரம் சீட்டாட முடிகிறது, சமையல் செய்ய முடியவில்லையா என்ற பேச்சும் வரும். உட்கார்ந்து இலேசான சீட்டை இழுப்பதும் குக்கரைத் தூக்குவதும் மூட்டுக்கு ஒன்றல்ல. அதைப் பொறுமையாக ஒரு முறை விளக்குங்கள், மறுபடி மறுபடி நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஒரு நோட்டு

டப்பாவோடு ஒரு சின்ன நோட்டு வையுங்கள். வெற்றி தோல்வி எழுதுவதற்கு அல்ல. தேதி, காலையில் விரல் எத்தனை மணிக்கு இளகியது, சீட்டை எந்தக் கையால் எடுத்தீர்கள், கலைக்க முடிந்ததா, எப்போது நிறுத்தினீர்கள் என்று ஒரே வரி. மருத்துவர் ஒவ்வொரு முறையும் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, காலை விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது. மூன்று மாதம் கழித்துக் கேட்கும்போது யாருக்கும் சரியாக நினைவிருக்காது. நோட்டைப் புரட்டி, போன மாதம் ஒன்பது மணிக்கே கலைக்க முடிந்தது, இந்த மாதம் பதினொன்று ஆகிறது என்று சொன்னால், மருந்தின் அளவை மாற்றுவதா வேண்டாமா என்று யோசிக்க அவருக்கு அது உதவும். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மருந்துச் சீட்டு இருக்கும் ஃபைலிலேயே அந்த நோட்டையும் வையுங்கள்.